அரைக் கட்டை

ஜனவரி 18, 1993. திங்கள். மில்வாக்கி.

ரேடியேட்டர் ஓயாமல் சீறுகிறது. நிறுத்தினால் விறைத்துச் சாவேன், நிறுத்தாவிட்டால் தொண்டை காய்ந்து சாவேன். ஓபரா கம்பெனி பார்த்துக் கொடுத்த வீடு இது. மூன்று பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி அதன் மேல் வைத்திருக்கிறேன். ஆண் குரலின் உச்சத்தில் பாடுகிற ஒரு டெனர் பாடகனை ஜனவரி மாதத்தில் இந்த ஊருக்கு வரவழைப்பவர்களுக்கு அவன் தொண்டை சதையால் ஆனது என்று தெரிய வேண்டாமா?

பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். என் முகம், பத்து வருடத்துக்கு முந்தையது. கீழே கொட்டை எழுத்தில் ‘உச்ச ஸியின் மன்னன் எம்மெட் ஸ்ட்ரௌட்’. நான் போடச் சொல்லவில்லை. ஆனால் பொய்யும் இல்லை. இந்த ஓபராவை ஒன்பது நாடுகளில் பாடியிருக்கிறேன். முதல் அங்கத்தில் அந்தப் பாட்டு, பாட்டின் முடிவில் அந்த ஸி, ஒரு டெனர் எட்டுகிற உச்ச சுரம். ஜனங்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். கதைக்காக யார் வருகிறார்கள்? அந்தக் கதையில் தலையும் இல்லை, காலும் இல்லை.

ஜனவரி 20. புதன்.

பியானோவோடு முதல் ஒத்திகை. ஸி வந்தது. ஆனால் நிற்கவில்லை. வந்த விருந்தாளி உட்காராமலே கிளம்பியது போல.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பியானோவின் சுருதியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். யார் சேர்த்தது என்று கேட்டேன். மேஸ்ட்ரோ விட்டேகர், அதாவது இந்த ஓபராவை நடத்துகிறவர் (வயது முப்பத்தொன்பது, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்பு மஃப்ளர்), “போன வாரம்தான் சேர்த்தாங்க, எம்மெட். ஏன், ஏதாவது உறுத்துதா?” என்றார்.

உறுத்துகிறதாவாம்!

ஜனவரி 22. வெள்ளி.

உள்ளூர் ரேடியோவில் பேட்டி. அந்தப் பெண் விவரம் தெரிந்தவள். “பெரிய பெரிய டெனர்கள்கூட அந்தப் பாட்டை அரைக் கட்டை இறக்கிப் பாடறாங்கன்னு கேள்விப்பட்டேன். சபையில யாருக்கும் தெரியறதில்லையாமே?” என்று கேட்டாள்.

“டிக்கெட்ல ஒண்ணைப் போட்டுட்டு மேடையில வேற ஒண்ணைக் கொடுத்தா அதுக்கு என்ன பேரு? ஏமாத்து. அவ்வளவுதான்” என்றேன்.

சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். பேட்டி முடிந்ததும் ஒரு தட்டில் பாலாடைக்கட்டியை நீட்டினார்கள். இந்த மாநிலத்தில் யாரும் வெறுங்கையோடு நிற்பதே இல்லை. பாடுகிறவன் பாடுகிற மாதத்தில் பால் பொருள் தொட மாட்டான், தொண்டையில் கோழை கட்டும் என்று விளக்கினேன். ஏதோ மத விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 24. ஞாயிறு.

நியூ ஜெர்சிக்குப் போன் செய்தேன். என் மனைவி நடீன் பள்ளிக்கூட நர்ஸ். ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகள் வயிற்றுவலி என்று பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பொய் சொல்லாதவனையும் அதே காதால்தான் கேட்கிறாள். பியானோ விஷயத்தைச் சொன்னேன்.

“உனக்கு நாப்பத்தாறு வயசு, எம்” என்றாள்.

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. வயசைச் சொன்னேன்.”

கட்டிய மனைவி பேசுகிற பேச்சா இது?

ஜனவரி 29. வெள்ளி.

ஆர்கெஸ்ட்ரா இன்று சேர்ந்துகொண்டது. இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. பியானோ இல்லை. ஓபோ!

எல்லா ஊரிலும் ஒத்திகை தொடங்கும் முன் ஓபோ வாசிப்பவர்தான் ஏ என்ற ஒரு சுரத்தைக் கொடுப்பார். மற்ற எல்லோரும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஓபோ எங்கே நிற்கிறதோ அங்கேதான் அத்தனை பேரும் நிற்க வேண்டும், பாடுகிறவனும் சேர்த்து. இங்கே ஓபோ வாசிப்பது லொரெய்ன் போகார்னி என்ற பெண்மணி. அறுபது வயது இருக்கும். நரைத்த குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, காலில் பனி பூட்ஸ். முப்பத்தொரு வருடமாக அதே நாற்காலியாம். அவள் ஏ கொடுத்தாள். என் முதுகெலும்பு சொல்லிவிட்டது: ஏற்றிக் கொடுக்கிறாள்.

இன்றைக்கும் ஸி நிற்கவில்லை. எப்படி நிற்கும்?

ஜனவரி 30. சனி.

யோசிக்க யோசிக்க ஆத்திரம் வருகிறது. அந்த இத்தாலியர் இந்தப் பாட்டை எழுதிய காலத்தில் ஏ என்பது இன்றைக்கு இருக்குமிடத்தைவிடக் கீழே இருந்தது. என் கற்பனை இல்லை, அந்தக் காலத்துக் குழல்களை ஊதிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நூற்றைம்பது வருடமாக ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஏன்? பளபளப்பாகக் கேட்கிறதாம்! வயலின் தந்தி அறுந்தால் கடையில் வாங்கலாம். என்னுடையது அறுந்தால் நான் எந்தக் கடைக்குப் போவேன்?

நான் சும்மா வந்தவனா? ஓக்லஹோமாவில் அப்பாவின் கோதுமை லாரியில் ஏறி நின்று பாடியவன். அப்புறம் சர்ச், அப்புறம் ராணுவப் பாடகர் குழு, அப்புறம் இன்டியானாவில் படிப்பு, இத்தாலியில் பதினொரு வருடம். அங்கே ஒரு சின்ன ஊரில் முதல் நாள் என்னை ‘மாடு மேய்க்கிற அமெரிக்கன்’ என்று அரங்கத்தின் மாடி இருக்கைகளிலிருந்து கத்தினார்கள். மூன்றாம் நாள் அதே மாடி எழுந்து நின்றது. பெல் கான்டோ என்றால் அழகாகப் பாடுவது என்றுதான் அர்த்தம், கத்துவது இல்லை. மூச்சைக் கஞ்சனைப்போலச் செலவழிக்க வேண்டும். ஒரு வரி இரண்டாம் தடவை வந்தால் முதல் தடவை பாடியது போலவே பாடக் கூடாது, சொந்தமாகச் சங்கதி போட வேண்டும். என் சங்கதிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போகிற மாணவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் இந்த ஊர்க் குழல் ஒன்றினால் தோற்க வேண்டுமா?

பிப்ரவரி 2. செவ்வாய்.

இடைவேளையில் நேரே அவளிடம் போனேன். அவள் ஒரு சின்னக் கத்தியால் ஓபோ வாயில் வைக்கும் நாணல் சீவலை மெலிதாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்க ஏ மேல இருக்கு” என்றேன்.

“அப்படியா? வணக்கம் சொல்லிட்டு ஆரம்பிச்சா நல்லா இருக்கும்.”

“வணக்கம். உங்க ஏ மேல இருக்கு.”

“முப்பத்தொரு வருஷத்துல என்கிட்ட இதைச் சொன்ன டெனர் எத்தனை பேர் தெரியுமா, ராசா? நீங்க பதினாலாவது ஆளு. அடிக்குரல்ல பாஸ் பாடறவங்க ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. உச்சம் பாடற பொம்பளைங்க, சோப்ரானோ, ரெண்டு பேர் சொன்னாங்க, ரெண்டு பேருமே அந்த சீசனோட ஓய்வு வாங்கிட்டாங்க.”

பக்கத்தில் கிளாரினெட்காரன் குடித்த தண்ணீர் புரையேறச் சிரித்தான்.

இதை நான் விடப்போவதில்லை.

பிப்ரவரி 3. புதன்.

இசைக்கருவிக் கடைக்குப் போய்ச் சுருதி காட்டும் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு, நடுவில் ஒரு முள். முறைப்படி ஏ என்றால் முள் 440-ல் நிற்க வேண்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். லொரெய்ன் ஊதினாள்.

442!

நான் சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா!

பிப்ரவரி 4. வியாழன்.

கம்பெனித் தலைவி பெவர்லி ஆஷ்கிராஃப்டின் அறையில் பஞ்சாயத்து. நான், மேஸ்ட்ரோ, ஆர்கெஸ்ட்ரா சார்பில் லொரெய்ன். பெட்டியை மேஜை மேல் வைத்தேன். லொரெய்ன் மறுக்கவில்லை. “வயலின்காரங்க எப்பவும் கொஞ்சம் மேல இழுப்பாங்க, நானும் கொஞ்சம் கூடப் போறேன். 440-க்கும் 442-க்கும் நடுவுல இருக்கறது அரைக் கட்டையில பத்துல ஒரு பங்குகூட இல்ல. அதைப் போயி ஒரு மனுஷன் தொண்டையில உணர்ந்தாருன்னா, அவரை மியூசியத்துலதான் வைக்கணும்” என்றாள்.

“உணர்ந்தேனே!” என்றேன்.

பெவர்லிக்குச் சண்டை பிடிக்காது. எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மேஸ்ட்ரோ மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: நாளையிலிருந்து 440.

ஜெயித்துவிட்டேன். ஒரு பாடகன் தன் உரிமைக்காக வாய் திறந்தால் கிடைக்கும். திறப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி 5. வெள்ளி.

லொரெய்ன் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டியைத் தன் ஸ்டாண்டின் மேல், நான் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தாள். ஊதினாள். முள் 440-ல் ஆணி அடித்தது போல நின்றது. “டெனர் சாருக்குத் திருப்திதானே?” என்றாள், எழுபது பேருக்கும் கேட்கும்படி.

பாடகன் நன்றாகப் பாடினால் வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டுவார்கள், குழல்காரர்கள் காலைத் தரையில் தேய்ப்பார்கள். உலகம் முழுக்க வழக்கம் அது. இன்று என் இரண்டாம் அங்கப் பாட்டு, அதில் உச்சமெல்லாம் இல்லை, வெறும் நூல் நூற்கிற வேலை, தேன் போல வந்தது. எனக்கே தெரிந்தது. ஒரு வில் அசையவில்லை. ஒரு பூட்ஸ் தேயவில்லை.

பொறாமை பிடித்த கூட்டம்.

பிப்ரவரி 8. திங்கள்.

ஆத்திரம் பொங்குகிறது. இதை எழுதினால்தான் அடங்கும்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபின், என் சங்கதி ஒன்றுக்கு இடம்விட வேண்டும் என்று மேஸ்ட்ரோ குறித்திருக்கிறாரா என்று பார்க்க ஓபோவின் ஸ்டாண்டில் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். என் பாட்டு வெள்ளைத் தாளில் இருந்தது. அதன் பின்னால், செருகி வைத்தாற்போல, ஒரு நீலத் தாள். அதே பாட்டு. அரைக் கட்டை கீழே.

அடுத்த ஃபோல்டர். நீலத் தாள். அதற்கடுத்தது. நீலத் தாள். செல்லோ, டிரம்ஸ், ஹார்ன், எல்லாவற்றிலும்!

ஆர்கெஸ்ட்ராவின் நூலகர் டுவைட் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடிக்காத குறை. “இதை வைக்கச் சொன்னது யாரு? எப்ப வெச்சீங்க? நான் வர்றதுக்கு முன்னாடியே என் கதையை முடிச்சுட்டீங்களா?”

“யாரும் சொல்லலீங்க” என்றார் பாவம். “எந்த டெனர் வந்தாலும் வைப்போம். குடை மாதிரி. மழை வந்தா விரிக்கலாம், வரலைன்னா கக்கத்துல கிடக்கும். காட்சிக்கு அரை மணி முன்னாடி உங்க அறைக்கு ஆள் வந்து வெள்ளையா நீலமான்னு கேப்பாங்க. நீங்க சொல்றதுதான்.”

“இங்க பாடினவங்கள்ல எத்தனை பேர் வெள்ளை சொன்னாங்க?”

அவர் இரண்டு தாளையும் விளக்குக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீலத் தாள் ஓரமெல்லாம் நைந்து, பென்சில் குறிகள் மேல் பென்சில் குறிகள், ஒரு மூலையில் காபிக் கறை. வெள்ளைத் தாள் கடையிலிருந்து வந்தது போலப் புத்தம் புதிதாக இருந்தது.

இந்த மேடையில் பாடியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நடைவழியில் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். அதில் இருவரை நான் தெய்வமாகக் கும்பிட்டவன். ஒருவரின் ஸியைக் கேட்டுத்தான் பத்தொன்பது வயதில் ராணுவ முகாமில் அழுதேன். அவர் ஸி எது? எந்தத் தாள்?

திருடர்கள். அத்தனை பேரும் திருடர்கள்.

பிப்ரவரி 11. வியாழன்.

முழு உடை ஒத்திகை. சபையில் இருநூறு பேர், பள்ளிக்கூட ஆசிரியர்கள், நன்கொடை தந்தவர்கள். 440. தொடங்கும் முன் என் பெட்டியில் முள்ளைப் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன்.

உடைந்தது. பிசிறவில்லை, நடுங்கவில்லை. நடுவில் உடைந்தது.

மேஸ்ட்ரோ நிறுத்தாமல் மேலே போனார். நான் மேடைக்குக் கீழே ஆர்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள் லொரெய்னைத்தான் பார்த்தேன். சிரிப்பாள், உதட்டையாவது சுழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்டாண்டைப் பார்த்தபடி அடுத்த வரிக்காக ஓபோவை வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் ஸ்டாண்டில் இருந்த பெட்டியைக் காணோம். இன்றைக்கு அவளே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

அவளை யார் கேட்டார்கள் இரக்கப்படச் சொல்லி?

பிப்ரவரி 12. வெள்ளி.

யாரோடும் பேசவில்லை. குரலுக்கு ஓய்வு என்று சீட்டில் எழுதிக் காட்டினேன்.

பிப்ரவரி 13. சனி.

முதல் காட்சி. ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். மேடை நிர்வாகி, தலையில் மைக் மாட்டிய ஒல்லிப் பெண். “மிஸ்டர் ஸ்ட்ரௌட், மேஸ்ட்ரோ கேக்கச் சொன்னாரு. வெள்ளையா, நீலமா?”

“வெள்ளை!”

கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

சொல்கிறேன். உடைந்தது. வியாழனைவிட மோசம். இத்தாலியாக இருந்தால் சீட்டி அடித்திருப்பார்கள், என் அம்மாவை இழுத்திருப்பார்கள். அதையாவது நெஞ்சை நிமிர்த்தி எதிர்த்து நிற்கலாம். இவர்கள் கைதட்டினார்கள். மரியாதையாக. பனியில் காரைத் தள்ளிவிட்டவனுக்கு நன்றி சொல்வது போல. இந்த மாநிலத்து ஆட்களுக்கு ஒருவரைத் திட்டக்கூடத் தெரியாதா?

பிப்ரவரி 14. ஞாயிறு.

பத்திரிகையில்: ‘திரு. ஸ்ட்ரௌட்டுக்குச் சளி பிடித்திருந்ததாகத் தோன்றியது. மற்றபடி அவருடைய மெல்லிய பாட்டுகளும் சங்கதிகளும் இன்று வேறு எவரிடமும் கேட்கக் கிடைக்காதவை.’

எனக்குச் சளி இல்லை. நடீனுக்கு வாசித்துக் காட்டி, “எனக்குச் சளி இல்ல!” என்று கத்தினேன்.

“தெரியும்” என்றாள். “ரெண்டாவது வரியையும் ஒரு தடவை வாசி.”

“அது கெடக்கட்டும். முதல் வரி...”

“எம், நீ முதல் வரியை மட்டும் வாசிச்சுட்டு என்கிட்ட சண்டைக்கு வராத. எனக்குத் துணி மடிக்கற வேலை இருக்கு.”

காதலர் தினமாம் இன்று.

பிப்ரவரி 17. புதன்.

அவமானம். இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு இத்தனை வருடத்தில் நடந்ததில்லை.

வெள்ளை என்று சொல்லி அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். சபையில் நடப்பது கேட்பதற்காகச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. திரை விலகும் முன் காலடிச் சத்தம். பெவர்லியின் குரல். “அன்பர்களே, எங்கள் டெனர் எம்மெட் ஸ்ட்ரௌட் கடும் சளியால் அவதிப்படுகிறார். ஆனாலும் உங்களுக்காக இன்று பாட ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரைப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.” சபை முழுக்க ஒரு ‘அடடா’.

என்னைக் கேட்காமல்! முகத்தில் பாதிச் சாயத்தோடு ஓடினேன். பெவர்லி மேடை ஓரத்திலேயே மடக்கினாள். “எம்மெட், இது உங்களைக் காப்பாத்தறதுக்கு. எல்லாக் கம்பெனியும் செய்யறதுதான். நாளைக்கு யாரும் ஒண்ணும் எழுத மாட்டாங்க.”

“எனக்குச் சளி இல்லையே, பெவர்லி!”

“இருந்தா நல்லதுன்னு நினைச்சுக்கோங்களேன்.”

முன்னிசை தொடங்கிவிட்டது. போனேன். பாடினேன். ஸி, நூலிழை அளவு, வந்தது. அழகில்லை, ஆனால் உடையவில்லை. அவ்வளவுதான், சபை எழுந்து நின்றது! சளியோடு இப்படி ஒரு ஸியா! எனக்கில்லை, என் சளிக்குக் கைதட்டினார்கள். இல்லாத என் சளிக்கு.

ரேடியோவில் ஏமாத்து என்று சொன்னவன், இருமிக் காட்டாத குறையாகக் குனிந்து வணங்கிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18. வியாழன்.

வாசலில் இதுவரை வந்தவை: தேன் மூன்று பாட்டில், கோழி சூப் இரண்டு, ஒரு கம்பளி மஃப்ளர். முகம் தெரியாதவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. இவர்களை எப்படி வெறுப்பது?

பிப்ரவரி 19. வெள்ளி.

வெள்ளிக்கிழமை என்றால் இந்த ஊரே மீன் வறுவல் தின்னப் போகும். பட்டினியாகக் கிடக்க முடியாமல் நானும் போனேன், சாயங்காலம் ஐந்தரைக்கே. இடம் இல்லை. ஒரே ஒரு காலி நாற்காலி, எதிரில் லொரெய்ன் போகார்னி. திரும்பிப் போயிருப்பேன், அவள் காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“உக்காருங்க. சளி எப்படி இருக்கு?”

“கேலி பண்ணுங்க, பரவாயில்ல.”

“கேலிதான். வேற என்ன பண்ண?” உருளைக்கிழங்கு அடையை இரண்டாகப் பிய்த்து ஒன்றை என் தட்டில் போட்டாள். “நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா? நீங்க வெள்ளை சொன்னா எனக்குத்தான் லாபம். அந்தப் பாட்டுக்கு முன்னாடி வர்ற ஓபோ தனி வாசிப்பு வெள்ளையில கண்ணை மூடிட்டு வாசிக்கலாம். நீலத்துல நாலு ஷார்ப். விரல் பின்னிக்கும். நீங்க வர்றீங்கன்னதும் டிசம்பர்லேருந்தே ரெண்டையும் தினம் வாசிச்சுப் பழகிட்டிருக்கேன்.”

“டிசம்பர்லயே நான் தோத்துருவேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“யார் தோக்கறா? அறிவு இருக்கா உங்களுக்கு?” இப்போது அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. “என் உதடு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தளந்துபோச்சு. முன்னாடி கெட்டியான சீவல் வெச்சு ஊதினேன். இப்ப மெலிசு. நானே சீவறேன், நானே வெச்சுக்கறேன். பேப்பர்ல யாராவது எழுதினாங்களா? ஓபோக்காரிக்குச் சளின்னு பெவர்லி வந்து சொன்னாளா?”

“சீவலை மாத்தலாம். தொண்டையை மாத்த முடியுமா?”

“முடியாது. அதனாலதான் தாளை மாத்தறோம்.”

 மீன் ஆறிப்போயிருந்தது, தின்றேன்.

“நான் ரேடியோவுல வேற பேசித் தொலைச்சுட்டேன்” என்றேன்.

“கேட்டேன். ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் கேட்டுச்சு. உங்க இரண்டாம் அங்கப் பாட்டுக்கு வில்லைத் தட்டாம இருக்கறதுக்கு அந்த வயலின் பசங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. கையைத் தொடைக்கடியில வெச்சு உக்காந்திருந்தாங்க.”

இதையும் ஒரு அவமானமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

பிப்ரவரி 20. சனி. கடைசிக் காட்சி.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஒல்லிப் பெண் இந்தத் தடவை ஒரு அடி தள்ளியே நின்றாள்.

அதே கேள்வி. அவள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

“நீலம். ஆனா யாராவது போய் எனக்குச் சளின்னு சொன்னாங்கன்னா நான் மேடைக்கே வர மாட்டேன். பெவர்லிகிட்ட சொல்லிடும்மா.”

அவள் மைக்கில், “நீலம்” என்றாள், கடையில் பொருள் கேட்பது போல.

லொரெய்ன் அந்த நாலு ஷார்ப்பையும் விரல் பின்னாமல் வாசித்தாள். அப்புறம் நான். வந்தது. நின்றது. நான் நிறுத்துகிற வரை நின்றது. அடித்தொண்டையிலிருந்து இழுக்காமல், எங்கும் பிடிக்காமல். எத்தனை மாதமாயிற்று, இல்லை, பொய் சொல்ல மாட்டேன், எத்தனை வருடமாயிற்று இப்படி வந்து. குழியில் வில்கள் தட்டிய சத்தம் கேட்டது.

சந்தோஷமா? ஆமாம். அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 21. ஞாயிறு. விமான நிலையம்.

நேற்று விருந்தில் ஒரு பல் டாக்டர், முப்பது வருடச் சந்தாதாரராம், என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். “சளி போனதும் எப்படி ஒரு ஸி, மிஸ்டர் ஸ்ட்ரௌட்! 1971-ல இங்க ஒருத்தர் பாடினதுக்கப்புறம் நான் இப்படி ஒரு ஸி கேட்டதே இல்ல!”

அது ஸி இல்லை ஐயா, அதற்கு அரைக் கட்டை கீழே இருக்கிற பி. அந்த நைந்த நீலத் தாளைப் பார்த்தால் 1971-ல் கேட்டதும் பி. சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றி சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை? அந்த நடைவழிப் படத்தில் இருக்கிறவர்களும் இப்படித்தான் நன்றி சொல்லியிருப்பார்கள், வேறென்ன. நான் வேறு மாதிரி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? இல்லை, இது சரியில்லை. இறக்கிப் பாடுவது ஒன்று, இறக்கிப் பாடிவிட்டு ஸிக்கான நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது வேறு. முதலாவது தொண்டை. இரண்டாவது நான். முதலாவதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 14. செவ்வாய். டொரன்டோ.

அதே ஓபரா. ஆர்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகை. போஸ்டரில் ‘மன்னன்’ இல்லை. போன மாதமே ஏஜென்டிடம் எடுக்கச் சொல்லிவிட்டேன். இங்கே நடத்துபவர் ஒரு ஹங்கேரியப் பெண்மணி. பென்சிலால் ஸ்டாண்டைத் தட்டி, “தொடங்கறதுக்கு முன்னாடி யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்றார். எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நான் கையைத் தூக்கினேன். இதைக் கதவிடுக்கில் நின்று எவளோ ஒரு பெண்ணிடம் ரகசியமாகச் சொல்வதில்லை, எல்லோர் முன்னிலும் சொல்வது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். எழுந்து நின்றேன்.  சட்டைக்குள் வியர்த்து ஊற்றியது. முதல் தடவை மேடையேறியபோதுகூட இப்படி இல்லை.

“முதல் அங்கத்துல என் பாட்டு. அரைக் கட்டை கீழ பாடறேன். எல்லாக் காட்சிக்கும். யாராவது கேட்டா அப்படியே சொல்லலாம், மறைக்க வேண்டாம்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எழுபது பேர். தாள்கள் புரண்டன. ஒரு வயலின்காரி மூக்கைச் சிந்தினாள். ஓபோக்காரர் பக்கத்து ஆளிடம் ரப்பர் கடன் கேட்டார். ஒருவர்கூட, ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. “சரி, எட்டாம் பக்கம்” என்றார் அந்த அம்மாள்.

இருபத்திரண்டு வருடம்! இருபத்திரண்டு வருடம் இந்த ஒரு நிமிடம் வந்துவிடுமோ என்று நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடியிருக்கிறேன். மரியாதைக்காவது இவர்களில் ஒருத்தர் ஒரு ‘ஐயோ’ சொல்லியிருக்கக் கூடாதா?